தனிக்குடித்தனம்

வியாழக்கிழமைச் சந்தையில்
உருளைக்கிழங்கு மூட்டைக்கும் பழைய பஸ் கண்ணாடிக்கும் நடுவே
போர்வை விரித்து விற்றுக்கொண்டிருந்தான் எவெர்.
அறுநூற்றைம்பது பொலிவியானோ.
"ஒரு வருஷம்தான் ஓடிச்சு, அதுவும் மெதுவா."
முகர்ந்து பார்த்தேன்.
ராப்பகலாகக் காசு தோண்டிய அட்டை என்று
கருகிய தூசி சொன்னது.
ஐந்நூற்று எண்பதுக்கு வாங்கி
சால்வைக்குள் சுற்றிக்கொண்டு
எல் ஆல்ட்டோவின் காற்றை எதிர்த்து நடந்தேன்.

இத்தனை நாளும் ஒட்டுக்குடித்தனம்.
பிராசசரின் மூலையில் ஒண்டிக்கொண்டு
ராமிடம் கைமாற்று வாங்கி
ஒரு ஜன்னல் வரையும் என் கணினி,
அடுத்த ஜன்னலுக்கு மறுபடி கை நீட்டும்.
குறை சொல்ல மாட்டேன்.
அக்கா வீட்டுப் பின்னறையில் நானும் அப்படித்தான்:
அவர்கள் சமைத்து முடித்த அடுப்பு,
அவர்கள் குளித்து மிஞ்சிய வெந்நீர்.

நான் வரைவது வீடுகள்.
கீழே கடை, நடுவே கல்யாண மண்டபம்,
உச்சியில் முதலாளிக்கு ஒரு குட்டி மாளிகை,
முகப்பெல்லாம் ஆரஞ்சும் கிளிப்பச்சையும்.
திருப்பிப் பார்த்தால்
பாரம் ஏற்றிய கோவேறு கழுதை மாதிரி
நின்று நின்று திரும்பும் படம்.
நிழலைப் போடு என்றால் மொத்தமாக உறைந்துவிடும்.
அணைத்தே வைத்திருந்தேன், மூன்று வருஷம்.
நான் எழுப்பிய மாடிகள் எல்லாம்
பட்டப்பகலில் பேய்கள் மாதிரி
நிழலில்லாமல் நின்றன.

பெட்டியைத் திறந்தால்
அட்டை நீளம், வன்தட்டுக் கூண்டு குறுக்கே.
அக்கா கணவர் ஃபிலேமோன் இரும்பு அறுக்கும் வாளோடு வந்தார்.
உதிர்ந்த தூளை ஈரத்துணியால் ஒற்றி ஒற்றி எடுத்தோம்.
பவர் சப்ளை முந்நூறு வாட்;
ஆறு முள் வயர் அதில் இல்லை.
மறுபடி சந்தை, மறுபடி பேரம்,
ஒரு வாரம் போயிற்று.

சொருகினேன். கிளிக்.
விசிறிகள் சுற்றின.
திரை கறுப்பு.
எவெரைத் திட்டினேன், அவன் வம்சத்தையும் விடவில்லை.
கழற்றினேன், ஊதினேன்,
டேய்சியின் அழிரப்பரால் அதன் தங்கப் பற்களைத் தேய்த்தேன்.
நள்ளிரவு. கறுப்பு.
தண்ணீர் குடிக்க எழுந்து வந்த டேய்சி,
ஒன்பது வயசு, தூக்கம் கலையாத கண்ணோடு,
"வயரைப் பழைய ஓட்டையிலதானே சொருகியிருக்கே" என்றாள்.
ஆமாம்.
புது வீட்டுக்குக் குடிபோய்விட்டு
பழைய கதவைத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

எண்ணெய் விட்ட கீல் மாதிரித் திரும்பியது
செவெரோவின் ஏழு மாடி.
நாலாயிரம் மீட்டர் உயரத்தில் காற்று மெலிசு,
விசிறிக்கு மூச்சு வாங்கியது.
எண்பத்திரண்டு டிகிரி.
ஜன்னலைத் திறந்துவிட்டேன்,
இந்த ஊர்க் குளிரை அதுவாவது ரசிக்கட்டும்.

நிழலைப் போட்டேன்.
ஜூன் மாதம், காலை ஒன்பது மணி.
ஏழு மாடியும் தென்மேற்கே சாய்ந்து
பக்கத்து மனையின் முற்றத்தில் படுத்துக்கொண்டது.
பத்து மணி. எழுந்திருக்கவில்லை.
நண்பகல். சுவரோரம் ஒரு முழம் வெளிச்சம்.

அந்த முற்றம் எனக்குத் தெரியும்.
எலெயூதெரியா அங்கேதான் கம்பளி காயப்போடுகிறாள்.
இரவில் உறைந்த கிழங்கை
வெயிலில் பரப்பிக் காலால் மிதிக்கிறாள்.
ஒருமுறை மழைக்கு ஒதுங்கியபோது
எனக்கு ஒரு கிண்ணம் சூப் கொடுத்தாள்.

பழைய கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்தேன்.
கட்டி முடித்து, பால்கனியில் பீர் உடைத்து,
பாண்டு வாசித்துக் குடியேறிய வீடுகள்.
ஒன்பது மணி, பத்து மணி.
நாலாவது கோப்போடு நிறுத்திவிட்டேன்.

செவெரோவுக்குப் படம் அனுப்பினேன், நிழலோடு.
"நிறம் பிரமாதம்" என்று பதில் வந்தது.
"கறுப்பா ஏதோ கீழே விழுந்திருக்கு, அதை எடுத்துடு."

எடுக்கலாம்.
இப்போது அதற்குக் கணம்கூட ஆகாது.

ஏழாவது மாடியை மட்டும் மறைத்துப் பார்த்தேன்.
குட்டி மாளிகை போயிற்று.
முற்றத்தில் பதினோரு மணிக்கே வெயில் வந்தது.
அப்படியே சேமித்தேன்.
இன்னும் அனுப்பவில்லை.
பழைய ஓட்டையின் மேல்
ஒரு துண்டு டேப் ஒட்டினேன்,
ராத்திரியில் கை தடவி
அங்கேயே போய்விடக் கூடாது என்று.